வஸ்வாசு என்று நாங்கள் வைத்த பெயர்

1

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரை டெர்பி என்று எழுதி டார்பி என்று வாசிப்பார்கள். வந்திறங்கிய அன்றே இது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்று ஒரு ஊரே நடந்துகொண்டால் அதற்குள் இருக்கிற மனிதர்களை எப்படி நம்புவது? இருபது வருடத்துக்கு மேலாகியும் என் சந்தேகம் தீரவில்லை. தபால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். "உங்கள் வரிக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று கடிதம் வந்தால், பிரச்சினை இல்லாதவனுக்கு எதற்குக் கடிதம் போட்டார்கள் என்று பயந்து, அதை இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருப்பேன்.

இங்கே ஒரு பாடசாலையில் எனக்குப் பராமரிப்பு வேலை. பூட்டு, கூரை, வெந்நீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் என் பொறுப்பு. எங்கே ஒழுகுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பெரும்பங்கு. சந்தேகக்காரனுக்குப் பொருத்தமான உத்தியோகம்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் எழுதவந்தது என் வேலையைப் பற்றி அல்ல. என் மகள் நஸ்ரீன் இங்கே மிட்வைஃபாக இருக்கிறாள். போன வருடம் ஒரு சனிக்கிழமை, நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த நேரம் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, நான் மூணு மாசம் உகாண்டா போறன்."

"யாரோட?"

"ஒரு ஹொஸ்பிட்டலோட."

"ஹொஸ்பிட்டலுக்குக் கால் இல்லையே. அது எப்பிடி ஒன்னோட வரும்?"

எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன். அவள் முதல் இரண்டு வரி தமிழில் சொல்லி, கோபம் வந்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அங்கே என்னால் பின்தொடர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் போனாள். பிள்ளை பெறும்போது உள்ளே காயப்பட்ட பெண்களுக்கு வைத்தியம் செய்யும் இடம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். உகாண்டாவில் ஆஸ்பத்திரி இருக்கட்டும், அதற்குள் ஒரு டொக்டர்ப் பையன் இருப்பான். பெயர் கூட எனக்குத் தோன்றிவிட்டது. பீட்டர்.

என் மனைவி பரீனா சொன்னாள்: "ஒங்கட மகளுக்குப் பொடியன் வேணுமெண்டா டார்பியிலயே புடிப்பாள். அதுக்கு ஊசி போட்டுக்கிட்டு ஆபிரிக்காவுக்குப் போகத் தேவல்ல."

இது எனக்கு ஆறுதலாகவா இருக்கும்?

2

ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்கும் சங்கத்தின் காரியாலயத்துக்கு ஃபோன் எடுத்தேன். குரலை மாற்றி, "நான் ஒரு நலன்விரும்பி பேசுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் ஆண் டொக்டர்களும் இருக்கிறார்களா?" என்று இங்கிலீசில் கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த அம்மணி மிகவும் அன்பாக, "நஸ்ரீனுடைய அப்பாவா?" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

பிறகுதான் அந்தச் சங்கம் ஒரு சேர்ச் மண்டபத்தில் தேத்தண்ணிக் கூட்டம் வைக்கிறது, அதில் நஸ்ரீன் பேசப்போகிறாள் என்று அறிந்தேன். என்னை அவள் அழைக்கவில்லை. அழைக்காத இடத்தில்தான் உண்மை இருக்கும். தொப்பியை நெற்றிவரைக்கும் இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில், ஒரு பெரிய கேக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கேக்கில் என்ன கொழுப்பு சேர்த்திருப்பார்களோ என்று அதையும் சந்தேகப்பட்டு, பட்டர்தான் என்று ஒரு கிழவியிடம் உறுதிப்படுத்திக்கொண்டு ஒரு துண்டு எடுத்தேன். மண்டபத்தில் பீட்டர் வயதில் ஒருவரும் இல்லை. எல்லோரும் எழுபது தாண்டியவர்கள்.

என் மகள் எழுந்து பேசினாள். அப்படி ஒரு தெளிவான பேச்சை நான் வீட்டில் கேட்டதில்லை. வீட்டில் அவள் பேசுவது கதவோடுதான்.

அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன். பிள்ளையின் தலை வழியில் அடைத்து, மணிக்கணக்காக, சில நேரம் நாட்கணக்காக நின்றுவிட்டால், தாயின் சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையில் இருக்கிற சதை நசுங்கிப்போகும். இரத்தம் ஓடாமல் அது செத்து, கொஞ்ச நாளில் உதிர்ந்து, ஓட்டை விழும். அதன்பிறகு அந்தப் பெண்ணால் சிறுநீரை அடக்க முடியாது. இருந்தாலும் நின்றாலும் படுத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அந்தப் பிள்ளையும் தங்காது. நேரத்துக்கு ஆஸ்பத்திரி கிடைத்தால் இது வராது. வந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தைத்துச் சரிப்படுத்தலாம்.

"தைப்பது கூடப் பரவாயில்லை, இவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்," என்றாள் நஸ்ரீன். "ஒளிந்துகொள்வார்கள். தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடிக்காவிட்டால் இன்னும் எரியும், இன்னும் மணக்கும், ஆனாலும் குடிக்கமாட்டார்கள். நாள் முழுக்கக் கழுவுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக் கதிரையில் உட்காரமாட்டார்கள். பலரைப் புருஷன் விட்டுப்போயிருப்பான். ஊர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். ஓர் ஊரில் சாபம் என்பார்கள். ஓர் ஊரில் செய்வினை என்பார்கள்."

கேக் என் வாயில் அப்படியே நின்றது. எங்கள் ஊரில் வஸ்வாசு என்பார்கள்.

3

வஸ்வாசு என்றால் என்னவென்று உடப்பு, முன்னேஸ்வரம் பக்கத்து இந்து வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளு செய்கிறோம் அல்லவா, சிலருக்கு அது சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் தீராது. திரும்பக் கழுவுவார்கள். உடுப்பில் அசுத்தம் பட்டதோ என்று மாற்றுவார்கள். ஷைத்தான் காதில் ஊதுகிற சந்தேகம் என்று பெயர். நாங்கள் கொஞ்சம் பரிதாபப்படுவோம், நிறையச் சிரிப்போம்.

என் ராத்தா ஹாஜராவுக்கு வஸ்வாசு என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ராத்தா என்றால் அக்கா. ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாகக் கழுவுவார். உடுப்பு மாற்றுவார். கொடியில் எப்போதும் அவருடைய துணி காயும். கல்பிட்டி அகதி முகாமில் ஒரே ஒரு பைப் இருந்த காலத்தில், வரிசையில் நின்ற பெண்கள் அவருக்குப் பைப்படி மகாராணி என்று பட்டம் வைத்தார்கள். நோன்பு காலத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பெண்கள் ஒரு வீட்டில் கூடித் தோளோடு தோள் நின்று தொழுவார்கள். ராத்தா போகமாட்டார். பெருமை என்றார்கள். திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பார், கல்யாண வீடு எந்த நாளில் வந்தாலும் அன்றைக்கும் நோன்பு. இறையச்சம் என்றார்கள். இறையச்சம் உள்ளவருக்கு அத்தர் எதற்கு இவ்வளவு என்றும் கேட்டார்கள்.

உம்மா ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய், வஸ்வாசு விலகத் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். நாளுக்கு ஒரு போத்தல் குடிக்க வேண்டும். ராத்தா அதைக் கால்படாத இடம் பார்த்து முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார். அந்த முருங்கை காய்த்தது போல் கல்பிட்டி வீதியில் வேறொன்றும் காய்த்ததில்லை. ஓதிய தண்ணீரைக் கூடக் குடிக்க விடாத ஷைத்தான் என்று உம்மா அழுதார்.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று சேர்ச் மண்டபத்தில் உட்கார்ந்துதான் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தினர் வெளியேறச் சொன்னபோது ராத்தா தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அங்கேதான் நோவு கண்டது. எங்கே ஆஸ்பத்திரி, எவரிடம் வாகனம் என்று யாருக்கும் தெரியாத நாட்கள். கொட்டிலுக்குள் கிடந்து கிடந்து, கடைசியில் உப்பு ஏற்றும் லொறி ஒன்று கிடைத்து ஏற்றிப்போனபோது பிள்ளை உயிரோடு இல்லை. தாயாவது மிஞ்சினாளே என்றுதான் எல்லோரும் சொன்னோம். அதற்குப் பிறகுதான் கழுவல். ஒரு வருடத்துக்குள் மச்சான் சிலாபம் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். "எந்த ஆம்புளைதான் வஸ்வாசுக்காரியோட குடித்தனம் நடத்துவான்" என்று ஊரே அவருக்கு மன்னிப்பும் கொடுத்தது.

ராத்தா வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார். பறிக்கிற வேலை, கட்டுகிற வேலை எதற்கும் போகமாட்டார். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிற வேலைக்கு மட்டும்தான் போவார். அதில் நாள் முழுக்க உடுப்பு நனையும். நனைந்தவளை ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

ஆபிரிக்காவில் வருகிற வருத்தம், நோய், என்று மகள் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் நாட்டில் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருவார், இது அங்கே இல்லை என்று நானும் சத்தியம் பண்ணியிருப்பேன். கொட்டிலில் இருந்தவர்களின் வீட்டைத் தேடி யார் வந்தது?

4

வீட்டுக்கு வந்து பரீனாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அதுதான், எங்கட கலியாணத்தண்டைக்கும் நோன்பு புடிச்சுக்கிட்டு மதினி பின்கதவடியிலயே நிண்டா," என்றாள். "நான் இவ்வளவு காலமும் நினைச்சது, அவக்கு என்னப் புடிக்கல்ல எண்டு."

"நீ கேட்டுப் பாரேன்."

"நானா? மதினிக்கிட்ட? என்னண்டு கேக்கிற? சோறாக்கிட்டீங்களா மதினி, சுகமா மதினி, ஒங்களுக்கு ஒழுகுதா மதினி எண்டா?"

"நான் தம்பி. நான் எப்பிடிக் கேக்க?"

"நீங்க சங்கத்துக்கே ஃபோன் போட்டு ஆம்புளை டொக்டர் இரிக்கா எண்டு கேட்ட ஆள்தானே."

நாங்கள் இப்படி ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்ததைப் படியில் நின்று நஸ்ரீன் கேட்டுவிட்டாள். நான் சேர்ச்சுக்குப் போன குட்டும் அதோடு உடைந்தது. ஆனால் அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் மாமியான என் ராத்தாவைப் பற்றி மட்டும் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கேட்டு முடித்ததும், "இதில என்ன கஷ்டம்? நான் கேக்கிறன்," என்றாள்.

அவளுடைய தமிழ் எவ்வளவு கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைத்துப் பேச அவளிடம் சொல் கிடையாது. கேட்டால் நேரே கேட்பாள். நான் பயந்துபோய், வேண்டாம், கொஞ்சம் யோசிப்போம், முதலில் ஒரு வெல்லம் போட்ட பேச்சாக, என்று தொடங்கும்போதே வீடியோ கோல் போய்விட்டது. ராத்தா எப்போதும் போலத் தன் நெற்றியையும் கூரை விசிறியையும் காட்டிக்கொண்டு வந்தார்.

"மாமி, அந்த பேபி, மவுத்தான பேபி. அது பொறந்த பிறகு ஒங்களுக்கு மூத்திரம் நிக்காம ஒழுகுதா? எப்பவும்? படுத்தாலும்?"

பரீனா என் கையைக் கிள்ளினாள். நான் ஏதோ என் வீட்டுக் கூரையில் ஒழுக்கு இருப்பது போல் மேலே பார்த்தேன். திரையில் நெற்றி போய்விட்டது. விசிறி மட்டும் சுற்றியது.

"தம்பி பக்கத்தில இரிக்கானா?"

"ஓம் மாமி."

"அவன எழும்பிப் போகச் சொல்லு."

போனேன். போய்க் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ராத்தா பேசுவது கேட்டது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. பரீனா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நஸ்ரீன் ஓம், ஓம் என்றாள். இத்தனை ஓம் அவள் என்னிடம் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை.

5

அன்றிலிருந்து மூன்று பெண்களும் ஒரு கட்சி. ஃபோன் அடித்தால் அறைக்குள் போவார்கள். நான் உள்ளே போனால் வெங்காய விலையைப் பற்றிக் கதைப்பார்கள். ராத்தாவுக்கு இதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, நானே இரகசியமாகக் கணினியில் தேடி, அதிலிருந்து எனக்கே மூன்று வருத்தம் இருப்பதாகக் கண்டுபிடித்தேன். அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும் வருவது.

உண்மையில் அவர்கள் பேசியது ராத்தாவின் சந்தேகங்களை. அதில் அவர் எனக்கு மூத்தவர் என்பதை நிரூபித்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு தைத்தால் நிற்குமா? பை கட்டி விடுவார்களா? ஆண் டொக்டர் பார்ப்பானா? எல்லாவற்றையும்விட, ஊருக்குத் தெரிந்தால்? வஸ்வாசுக்காரி என்றால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இது தெரிந்தால் தான் உட்கார்ந்த பாயைக்கூட மடித்து வைப்பார்கள் என்றாராம்.

"மாமி இதோடயே இருக்கிறன் எண்டு சொல்றாங்க," என்றாள் நஸ்ரீன். அவள் கண் சிவந்திருந்தது. "வாப்பா, செத்து மையத்தாப் போற நேரம் கழுவுறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க எண்டு அதுக்கும் பயப்படுறாங்க."

நான் சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

கடைசியில் ராத்தா மூன்று நிபந்தனை சொல்லிச் சம்மதித்தார். பெண் டொக்டர். கொழும்பில். ஊருக்குக் கண் ஒப்பரேஷன் என்று சொல்ல வேண்டும். நஸ்ரீன் அங்கே இங்கே விசாரித்து ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணரைப் பிடித்தாள். ஆனால் உகாண்டாப் பயணமும் அதே நேரத்தில் வந்தது. பரீனாவுக்கு லீவு இல்லை. யார் துணைக்குப் போவது என்று வந்தபோது மூன்று பெண்களும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேறு வழியில்லாமல் ஓட்டைப் பானையில் தண்ணீர் எடுக்கிறவர்களுடைய பார்வை.

வேலையிடத்தில் லீவு கேட்டேன். படிவத்தில் சகோதரி நெருங்கிய உறவில் சேரவில்லை. தலைமையாசிரியை மெதுவாக, "என்ன நோய்?" என்றார். சொல்வதா? "கண்," என்றேன். அன்பான பெண். தன் தாய்க்கும் கண் ஒப்பரேஷன் நடந்தது, ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார் என்றார். எனக்கு ஒரு மாதம் வேண்டும் என்றேன். "எத்தனை கண்?" என்று அவர் கேட்கவில்லை. முகம் கேட்டது.

6

ஊருக்கு வந்து, வாடகைக்கு வான் வண்டி ஒன்று பிடித்து ராத்தாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் துவாய் மடித்துப்போட்டு, அதன்மேல் அபாயாவை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. எங்கள் கல்பிட்டி வீதி பிரிகிற பாலாவிச் சந்தியைத் தாண்டும்போது, "சாரதி மூக்கத் தொடைக்கிறான், பாத்தியா?" என்றார்.

"தடிமனாயிருக்கும் ராத்தா."

"ஓம். தடிமன்." சளிதான் என்று அவர் நம்பவில்லை.

பெண்கள் வாட்டுக்குள் என்னை விடவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். வருகிற போகிற தாதி மிஸ்மாருக்கு எல்லாம் என் அரைகுறைச் சிங்களத்தில் நான் ஹாஜராவின் மல்லி, தம்பி, என்று அறிமுகம் செய்தேன். இரண்டாம் நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். நிதானமான சிங்களப் பெண். தமிழ் பேசினார்.

"சிறுநீர்ப்பைக்குள்ள நீல மருந்து விட்டுப் பார்த்தோம். உள்ளே வச்ச பஞ்சு நீலமா வந்திச்சு. ஓட்டை இருக்கு. பெருசு இல்ல. ஆனா ரொம்பப் பழசு. சுத்திவரத் தழும்பு இறுகிப் போயிருக்கு. ஒரே தரத்தில சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டேன்."

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது ராத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசினேன்.

"பள்ளிக்கூடத்தில நானும் இதான் செய்வன் ராத்தா. கக்கூஸ் தொட்டியில நீலச் சாயம் போட்டா எங்க ஒழுகுதெண்டு காட்டிக்குடுத்திரும்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப நீ என்னயக் கக்கூஸ் தொட்டி எண்டு சொல்றியா?"

"இல்ல ராத்தா."

"சொல்லிட்டு இல்ல எண்டுறான்." தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஓட்டையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

ஒப்பரேஷன் முடிந்தபின் இரண்டு மூன்று வாரம் குழாயும் பையுமாகக் கிடந்தார். இப்போது மிஸ்மாரின் கட்டளை தலைகீழ். குடியுங்கள், குடியுங்கள், குழாய் அடைபடக்கூடாது. இத்தனை வருடம் எதிரியாக நினைத்த தண்ணீரைக் கோப்பை கோப்பையாகக் கொடுத்தால்? ஒவ்வொரு வாய்க்கும் பிறகு பெட்ஷீட்டைத் தடவிப் பார்ப்பார். நானும் கட்டிலடியில் நின்று பையைப் பார்ப்பேன். நிறம் சரியா, சொட்டு விழுகிறதா, விழுகிறது போலக் காட்டி ஏமாற்றுகிறதா. உகாண்டாவிலிருந்து நஸ்ரீன் ஃபோன் எடுப்பாள். சலாமுக்குப் பிறகு எப்போதும் அதே இரண்டு கேள்வி.

"வாப்பா, பை நெறயுதா? கட்டில் காஞ்சிரிக்கா?"

"நெறயுது. காஞ்சிரிக்கு."

"நீங்க பாத்தீங்களா, இல்ல மாமி சொன்னதா?"

என் மகள்தான். ஐயமில்லை.

குழாயை எடுத்த அன்று திரும்பவும் நீல மருந்து விட்டார்கள். பஞ்சு வெள்ளையாக வந்தது. டொக்டர் சந்தோஷமாகச் சொன்னார். ராத்தா அந்தப் பஞ்சைக் காட்டச் சொல்லி வாங்கி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இங்க லைட் சரியில்ல," என்றாராம் மிஸ்ஸிடம். "வெயில்ல பாத்தாத்தான் தெரியும்."

7

வீட்டுக்குப் போக வான் பிடிக்கிறேன் என்றேன். ராத்தா, "பாலாவி வரைக்கும் பஸ்ஸில போவம்," என்றார்.

"ராத்தா, டொக்டர் குலுங்கக் கூடாதெண்டு..."

"டொக்டர்ட்டக் கேட்டுட்டன். முன் சீட்டில இருந்து போகச் சொன்னா."

கண் ஒப்பரேஷனுக்குச் சாட்சியாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பொலித்தீனும் துவாயும் பையில் தயாராக இருந்தன. விரிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வெறும் சீட்டில் உட்கார்ந்தார். தைத்த இடம் பழைய இடம். ஒரே தரத்தில் சரிவரும் என்று டொக்டரே சொல்லவில்லை. பஞ்சு வெள்ளைதான், ஆனால் அது கட்டிலில் படுத்திருந்தபோது. பள்ளம் விழுந்த வீதியில் பஸ் குதிக்கிற குதியை அந்தப் பஞ்சு பார்த்ததா? நீர்கொழும்பு வரைக்கும் நான் ஜன்னலைப் பார்ப்பது போல அவருடைய சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். ராத்தா இறங்கி, பெண்கள் பக்கம் போய்த் திரும்பி வந்து ஏறினார். உட்கார்ந்து அபாயாவைச் சரிசெய்துகொண்டு, முன்னால் பார்த்தபடி, "முட்டிச்சு, போயிட்டு வந்தன்," என்றார். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். முட்டுவது என்றால் என்னவென்றே அவர் மறந்து முப்பது வருடத்துக்கு மேல்.

பத்துளுஓயாவில் சனம் ஏறியது. முந்தலை நெருங்கும்போது நான் கீழே பார்த்தேன். ராத்தாவின் செருப்புக்கடியில் தண்ணீர்.

மெல்லிய கோடாக, சீட்டுக்குக் கீழேயிருந்து முன்னால் ஓடிவந்து, அவருடைய குதிகாலைச் சுற்றித் தேங்கி நின்றது. பஸ் குலுங்கக் குலுங்க இன்னும் வந்தது. நான் செய்த முதல் காரியம், என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் காலடியில் ஊற்றியதுதான். இரண்டாவது காரியம், "ஐயோ, போத்தல் கொட்டிட்டு," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது. ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர் மட்டும் என்னை மூளை கழன்றவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கொழும்புக்குத் திரும்ப எங்கே வான் பிடிப்பது, நஸ்ரீனுக்கு என்ன சொல்வது, இரண்டாம் தரம் தைக்க ராத்தா ஒப்புக்கொள்வாரா என்று தலைக்குள் ஒரு முழுச் சந்தை இரைந்தது.

ராத்தா அபாயாவின் கரை ஈரமானதை உணர்ந்துவிட்டார். கீழே பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முகம் மட்டும் சாம்பல் போலானது. இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்தினார். பிறகு ஒரு கையை மெல்ல எடுத்து, தான் உட்கார்ந்திருக்கும் சீட்டில் வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது. சீட்டின் முன்பக்கம் வந்தது. பின்பக்கம் போனது.

கையை எடுத்துப் பார்த்தார். குனிந்து, செருப்பைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "இது மீன்டா."

திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்சீட்டில் சாரமுடுத்திய, தோளில் துண்டு போட்ட ஒரு உடப்புக்காரர், காலுக்கிடையில் ஐஸ் மீன் வைக்கிற ரிஜிபோம் பெட்டி ஒன்றை அணைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். பெட்டியின் மூலை உடைந்து, ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

ராத்தா எழுந்து நின்றார்.

"இஞ்ச, யார்ட பெட்டி இது?"

அந்த மனிதர் கண் விழித்தார். "என்ட தான் அக்கா. ஏன்?"

"ஏனா? கீழ பாருங்க. இது மனிசர் போற பஸ்ஸா, மீன் வாடியா?"

"ஐஸ் தண்ணி அக்கா. நல்ல தண்ணிதான்."

"நல்ல தண்ணியெண்டா நீங்க குடிங்க. என்ட கால் ஏன் நனையணும்? ஒழுகுற பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸில ஏறலாமா? நாத்தம் தாங்கேலாம இரிக்கி."

நாத்தம் என்ற சொல் பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்து வரிசைப் பெண் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ராத்தாவுக்கு ஆதரவாகத் தலையாட்டினாள். ராத்தா அவளைப் பார்த்து, "இல்லையா, நீங்க சொல்லுங்க," என்றார். கண்டக்டர் வந்தார்.

"அக்கா, கண் ஒப்பரேஷன் செஞ்ச ஆள் போல. கோவப்பட வேணாம். இந்தா பெட்டிய பின்னால வைக்கச் சொல்றன்."

"நீங்க எப்பிடி இத ஏத்தினீங்க? டிக்கட் போடுறத்துக்கு முன்ன கீழ பாக்கிறதில்லையா? வாற ஆக்கள் சுத்தமா வாறாங்க, இறங்கக்குள்ள மீனா இறங்கிறதா?"

உடப்புக்காரர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவருடைய சாரம் நனைந்தது. பாவமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "அண்ணன், ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

ராத்தாவின் கையைத் தொட்டேன். "போதும் ராத்தா. அந்த மனிசன் இரிக்கட்டும். ஒக்காருங்க."

ராத்தா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈரச்செருப்போடு, பஸ்ஸின் நடுவில் நேராக நின்றார்.

"நீ சும்மா இரு," என்றார். "பாலாவி வர இன்னும் நேரம் இரிக்கி."